அழுகிற ஆணை நம்பலாம்

'சிரிக்கிற பெண்ணையும் அழுகிற ஆணையும் நம்பாதே!'

இந்தப் பழமொழியை உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரோ சொல்லியிருப்பார்கள். நாமும் தலையாட்டிவிட்டு நகர்ந்திருப்போம். கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்களேன். இந்தக் கணக்குப்படி போனால், நாம் முதலில் நம்பக் கூடாத ஆள் யார் தெரியுமா?

சாட்சாத் ஸ்ரீராமன்!

கம்பராமாயணத்தில் ராமன் எத்தனை இடத்தில் அழுகிறான் என்று எண்ண ஆரம்பித்தால் விரல்கள் போதாது. அப்பா இறந்துபோன சேதியைக் கேட்டதும் நிலைகுலைந்து விழுகிறான். சுக்ரீவன் எடுத்துவந்து காட்டும் சீதையின் நகைகளைப் பார்த்ததும் உடைந்து போகிறான். போர்க்களத்தில் தம்பி மூர்ச்சையாகிக் கிடக்கும்போது, 'இனி நான் இருந்து என்ன?' என்று புலம்புகிறான். வில்லை ஒடித்தவன், கடலுக்கு அணை கட்டியவன், மூவுலகும் நடுங்க நின்றவன்... கண்ணீர் வந்தபோது அதை மறைக்கவில்லை. கம்பனும் மறைக்கவில்லை.

வடமொழியில் பவபூதி என்று ஒரு நாடகக்காரர். எட்டாம் நூற்றாண்டு. அவருடைய 'உத்தரராமசரித'த்தில், சீதையைக் காட்டுக்கு அனுப்பிப் பன்னிரண்டு வருடம் கழித்து, பழைய பஞ்சவடிக்கு வருகிறான் ராமன். ஒவ்வொரு மரமாகப் பார்க்கிறான். அழுகிறான். மயங்கி விழுகிறான். யார் கண்ணுக்கும் தெரியாத வரத்தோடு பக்கத்திலேயே நிற்கிற சீதை, அவனைத் தொட்டுத் தெளியவைக்கிறாள். அரசன் அழுவதை அத்தனை பேர் முன்னால் மேடையில் காட்ட பவபூதிக்குக் கூச்சமே இல்லை!

நம்ம ஊர் மட்டும் சும்மாவா? பாரி செத்துப்போனதும், அவன் பெண்களை அழைத்துக்கொண்டு பறம்பு மலையை விட்டுக் கிளம்புகிறார் கபிலர். திரும்பித் திரும்பி அந்த மலையைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார். புறநானூறு முழுக்க வீரம் வீரம் என்று பேசுகிறோமே, அதில் எத்தனை ஆண்கள் அழுகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். நண்பனுக்காக அழுகிறார்கள். அரசனுக்காக அழுகிறார்கள். மனைவியை எரித்துவிட்டு வந்து, 'நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனே' என்று அழுகிற அரசனே ஒருவன் உண்டு!

சரி, இலக்கணம் எழுதிய தொல்காப்பியர் என்ன சொல்கிறார்?

பொருளதிகாரத்தில் 'மெய்ப்பாட்டியல்' என்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார் மனுஷன். மெய் என்றால் உடம்பு. உள்ளே இருக்கிற உணர்ச்சி உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும். உள்ளேயே பூட்டி வைத்தால் அது மெய்ப்பாடு ஆகாது! சிரிப்பு, அழுகை, இழிவு, வியப்பு, பயம், பெருமிதம், கோபம், மகிழ்ச்சி என்று மொத்தம் எட்டு. வடமொழியில் பரதருக்கும் எட்டு ரசம்தான். ஒன்பதாவதாக சாந்தம் பிற்பாடு வந்து சேர்ந்து நவரசம் ஆனது. 1964-ல் 'நவராத்திரி' படத்தில் சிவாஜி ஒன்பது வேஷம் கட்டியது அந்த ஒன்பதுக்காகத்தான்.

இதில் அழுகைக்கு மட்டும் வருவோம். மனிதன் எதற்கெல்லாம் அழுவான்? தொல்காப்பியர் நாலே நாலு காரணம் சொல்கிறார். இளிவு, இழவு, அசைவு, வறுமை. மற்றவர்கள் நம்மை இழிவுபடுத்தும்போது வருவது இளிவு. இழந்துபோவது இழவு. நன்றாக வாழ்ந்த நிலையிலிருந்து விழுந்து வருந்துவது அசைவு. நாலாவது வறுமை, சொல்லவே வேண்டாம்.

இரண்டாயிரம் வருஷத்துப் பழைய பட்டியல்தானே என்று நினைக்காதீர்கள். நம்மை அழவைத்த படங்களை எடுத்து இந்த நாலு பெட்டியில் போட்டுப் பாருங்கள், கச்சிதமாகப் போய் உட்காரும்.

வறுமைக்கு 'பதேர் பாஞ்சாலி'. 1955-ல் சத்யஜித் ராய் எடுத்தது. விபூதிபூஷண் எழுதிய நாவல். பிழைப்புத் தேடிப் போன அப்பா ஹரிஹர், மாசக்கணக்கில் கழித்து வீடு திரும்புகிறார். வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறார். கடைசியாக மகள் துர்காவுக்கு என்று ஒரு புடவை. துர்கா காய்ச்சலில் செத்துப்போனது அவருக்குத் தெரியாது. அந்தப் புடவையை வாங்கிய தாய் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்து வாய் திறந்து கதறுகிறாள்... ஆனால், நமக்கு அவள் குரல் கேட்காது. அந்த இடத்தில் ராய் குரலை எடுத்துவிட்டு, தார் ஷெனாய் என்கிற வாத்தியத்தின் உச்சஸ்தாயியை வைத்துவிட்டார். இசை ரவிசங்கர். மனிதத் தொண்டை அழுவதைவிட அந்த வாத்தியம் அழுவது நம்மைப் பிசைந்துவிடும். சற்று நேரத்தில் விஷயம் புரிந்து ஹரிஹரும் உடைகிறார். அந்தக் காட்சியில் அழுகிற ஆணைப் பார்த்து, 'இவரை நம்பாதே' என்று யாருக்காவது தோன்றுமா?

இழவுக்கு 'நாயகன்'. 1987. மகன் பிணமாகக் கிடக்கிறான். வேலு நாயக்கர் பார்க்கிறார். பம்பாயையே ஆட்டிவைத்தவர் வாயிலிருந்து வசனம் வரவில்லை. பேச்சும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் நடுவில் ஏதோ ஒரு சத்தம். அந்த நிமிஷம் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அசைவுக்கு 'பாசமலர்'. 1961. பீம்சிங் டைரக்‌ஷன். ஓஹோவென்று வாழ்ந்த முதலாளி அண்ணன், எல்லாவற்றையும் விட்டு, கடைசியில் பார்வையும் போய், தங்கை முன்னால் வந்து நிற்கிறான். சிவாஜியும் சாவித்திரியும் சேர்ந்து தமிழ்நாட்டின் கைக்குட்டைகளை எல்லாம் நனைத்த படம்.

இளிவுக்கு 'பரியேறும் பெருமாள்'. 2018. மாரி செல்வராஜ். நாட்டுப்புறக் கூத்தில் பெண் வேஷம் கட்டி ஆடும் அப்பாவை, அந்த வேஷத்தையே காரணம் காட்டி அவமானப்படுத்தி, துணியை உருவி நடுரோட்டில் ஓடவிடுகிறார்கள். அந்த அப்பாவாக நடித்த தங்கராசு நிஜமாகவே நாட்டுப்புறக் கலைஞர். 2023-ல் காலமானார். அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

இப்போது கவனியுங்கள். தொல்காப்பியர் நாலு காரணம் சொன்னாரே தவிர, 'இது பெண்களுக்கு மட்டும்' என்று எங்கேயும் கோடு போடவில்லை. கோடு போட்டது நாம்தான்.

'ஏண்டா பொம்பளை மாதிரி அழுவுற?' ஆறு வயசுப் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்து வந்து நிற்கும்போது நாம் சொல்கிற முதல் வாக்கியம் இது. மருந்துகூட அப்புறம்தான்!

சாவு வீட்டைப் பாருங்கள். உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். செத்தவரின் பெருமை, தன் சொந்தத் துயரம், மாமியார் கொடுமை, நாத்தனார் கொடுமை எல்லாம் பாட்டாக வெளியே வந்துவிடும். அழுது முடித்து மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, ஒரு வாய் காபி குடிக்கும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். ஆண்கள்? வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். 'எப்ப எடுக்கிறாங்க?', 'கிழக்கேருந்து ஆள் வரணுமா?' என்று நேரம் போகும்.

என் அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர். அப்பத்தா செத்த அன்றைக்கு எனக்குப் பத்து வயசு. அப்பா ஒரு இடத்தில் நிற்கவில்லை. பந்தக்காரனிடம் ஓடினார். தந்தி அடிக்கப் போனார். பாடைக்கு மூங்கில் சரியில்லை என்று சத்தம் போட்டார். வந்தவர்களுக்கு டீத்தண்ணி போச்சா என்று விசாரித்தார். கொள்ளி வைத்துவிட்டு வந்து குளித்துவிட்டு, மறுநாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஊரே, 'ரொம்ப தைரியசாலி' என்றது.

அடுத்த வருஷம் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் 'பாசமலர்' போட்டார்கள். பழைய காப்பி. மழை பெய்கிற மாதிரி திரையெல்லாம் கோடு. டூரிங் கொட்டகையில் படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்... தரை டிக்கெட்டில் நடுவே இடுப்பளவு சுவர் வைத்து, அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். கடைசிக் காட்சியில் சுவருக்கு அந்தப் பக்கம் ஓவென்று அழுகைச் சத்தம். இந்தப் பக்கம்? ஒரே இருமல்! ஆளாளுக்குத் தொண்டையைச் செருமுகிறார்கள், பீடியைத் தேடுகிறார்கள். நான் அப்பா மடியில் சாய்ந்திருந்தேன். அவர் உடம்பு குலுங்கிக்கொண்டே இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பெத்த ஆத்தா போனப்ப அழுவாத மனுசன், சிவாஜி சாவறதுக்கு அழுவறதைப் பாரு!"

அப்பா ஒன்றும் பேசவில்லை. டார்ச் லைட்டை மட்டும் பாதையில் சரியாக அடித்துக்கொண்டு வந்தார். அவர் சிவாஜிக்காக அழவில்லை என்பது எனக்குப் பெரியவனான பிறகு புரிந்தது. ஒரு வருஷமாக அடைத்து வைத்திருந்த அப்பத்தாவை அந்த இருட்டில்தான் அவரால் இறக்கிவைக்க முடிந்திருக்கிறது.

சினிமாவை நாம் பொழுதுபோக்கு என்கிறோம். நம் ஆண்களுக்கு அது வேறொன்றாகவும் இருந்திருக்கிறது. அவர்கள் ஒப்பாரி வைக்க இருந்த ஒரே வீடு அதுதான். டிக்கெட் வாங்கினால் இரண்டரை மணி நேரம் இருட்டு. யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது. அழலாம். 'ஓவர் ஆக்ட்டிங்' என்று இன்றைக்குச் சிலர் சிவாஜியைக் கிண்டல் செய்கிறார்கள். அவர் அங்கே ஒரு ஆளுக்காக அழவில்லை ஐயா. கொட்டகையில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆயிரம் பேருக்கும் சேர்த்து அழுதார். சத்தம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்!

அப்படி ஊருக்காக அழுவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. இந்தியில் திலீப் குமாரைச் சோக மன்னன் என்பார்கள். படத்துக்குப் படம் காதலில் தோற்று, ஏங்கி, செத்து நடித்து, அந்தச் சோகம் நிஜ வாழ்க்கைக்குள்ளும் புகுந்துவிட்டது. மனநல மருத்துவரிடம் போனார். 'கொஞ்ச நாளைக்கு ஜாலியான வேஷம் போடுங்கள்' என்றார் மருத்துவர். மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்ம கோயமுத்தூரிலிருந்து! எம்.ஜி.ஆர். நடித்து 1954-ல் வந்த 'மலைக்கள்ளன்' படத்தை, பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடு இந்தியில் 'ஆஸாத்' என்று எடுத்தார். 1955-ல் வந்தது. திலீப் குமார் அதில் கத்தி சுழற்றி, மாறுவேஷம் போட்டுச் சிரிக்கச் சிரிக்க நடித்தார். ஜோடி மீனாகுமாரி. அவரும் சோக ராணி! ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பிரிஸ்கிரிப்ஷன்.

அப்புறம் எழுபதுகளில் காற்று மாறியது. 1973-ல் 'ஸஞ்சீர்', 1975-ல் 'தீவார்'. அமிதாப் வந்தார். 'தீவார்' படத்தில் சின்னப் பையன் கையில், 'என் அப்பன் திருடன்' என்று பச்சை குத்திவிடுகிறார்கள். தொல்காப்பியர் கணக்கில் இது சுத்தமான இளிவு. அழ வேண்டிய இடம். ஆனால், அந்தப் பையன் அழவில்லை. வளர்ந்து கோபக்காரன் ஆனான். இதுவே 1981-ல் ரஜினி நடித்து 'தீ' என்று தமிழுக்கு வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த படங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால், அதற்கப்புறம் நம் கதாநாயகர்களுக்குத் துக்கம் வந்தால் இரண்டே வழிதான். ஒன்று, யாரையாவது அடிப்பது. இல்லையென்றால், குடிப்பது. குடிக்கிற வழியை 1917-ல் சரத்சந்திரர் 'தேவதாஸ்' நாவலிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார். நம் ஆட்கள் அதை நாலு வழிச் சாலையாக அகலப்படுத்தினார்கள்.

நேராக அழுதிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். அடிதடியும் பாட்டிலும் என்றால் ஆயுசுக்கும் தொடரும். திரையில் மட்டுமா, தெருவிலும் அப்படித்தானே நடக்கிறது?

பழமொழியின் முதல் பாதியையும் மறந்துவிடக் கூடாது. பெண் அழலாம், தாராளமாக அழலாம். கிளிசரின் வாங்கிக் கொடுத்து டி.வி. சீரியலில் வருஷக்கணக்கில்கூட அழவைப்பார்கள். சிரித்தால்தான் ஆபத்து! பாஞ்சாலி ஒரு தடவை சிரித்ததால்தான் பாரதப் போரே வந்தது என்று இன்னமும் பழி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சூதாடித் தோற்ற தர்மர் தப்பித்துவிட்டார். ஒருவருக்குச் சிரிப்பைத் தடுத்தோம், ஒருவருக்கு அழுகையைத் தடுத்தோம். இப்படி ஆளுக்குப் பாதி முகத்தோடுதான் ஒரே வீட்டில் குடித்தனம் நடக்கிறது.

2019-ல் 'கும்பளங்கி நைட்ஸ்' என்று ஒரு மலையாளப் படம். பார்க்கவில்லையென்றால் பார்த்துவிடுங்கள். அதில் சஜி என்கிற மூத்த அண்ணன். வேலை வெட்டி இல்லை, குடி, சண்டை. தன்னைக் காப்பாற்றப் போய், இஸ்திரி போட்டுப் பிழைக்கும் தமிழ் நண்பன் ஒருவன் செத்துவிடுகிறான். சஜிக்கு உள்ளே ஏதோ அடைத்துக்கொள்கிறது. அழுகை வரவில்லை. தம்பியிடம் போய், என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போகிறாயா என்று கேட்கிறான். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் மடை திறக்கிறது. அவர் சட்டை நனைகிற அளவுக்குக் கட்டிக்கொண்டு அழுகிறான். பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. படமும் அவனைக் கேவலப்படுத்தவில்லை. கம்பனுக்கும் கபிலருக்கும் தெரிந்திருந்த விஷயத்தை நம் சினிமா சுற்றி வளைத்து மறுபடியும் கண்டுபிடித்த மாதிரி இருந்தது எனக்கு.

சஜியாக நடித்த அதே சௌபின் ஷாகிர்தான் 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் குழியில் விழுந்த நண்பனை மீட்க கயிறு கட்டி இறங்குகிறவர். தமிழ்நாட்டிலும் சக்கைப்போடு போட்ட படம். நான் ஒரு நண்பரோடு போயிருந்தேன். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு ஐந்து மாசம் முன்னால்தான் அவர் மனைவி புற்றுநோயில் போய்ச் சேர்ந்திருந்தார். முப்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியம். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் மனுஷன் கல்லு மாதிரி இருந்தார்.

படத்தில் நண்பனை மேலே தூக்கிக் கொண்டுவருகிறார்கள். 'குணா' படப் பாட்டு ஆரம்பிக்கிறது. தியேட்டர் முழுக்க விசில், கைதட்டல். என் பக்கத்து நாற்காலி மட்டும் குலுங்குகிறது. அடக்கவே முடியாமல் விம்முகிறார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் அவர் கை மேல் வைத்தேன்.

வெளியே வந்து டீ குடித்தோம். பாதி கிளாஸ் குடித்த பிறகுதான் பேசினார்.

"அவளுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு சார் அது. சமையல் பண்றப்ப முனகிட்டே இருப்பா..."

"அன்னிக்கே அழுதிருக்கலாமே சார்?"

"எப்படி சார்? காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாம், 'நீங்கதான் பசங்களுக்கு தைரியம் சொல்லணும்'னு சொல்லிட்டே இருந்தாங்க. பசங்க என்னைப் பார்த்து அடக்கிக்கிட்டாங்க. நான் அவங்களைப் பார்த்து அடக்கிக்கிட்டேன். மூணு பேரும் அஞ்சு மாசமா ஒரே வீட்ல யாரும் யார் முன்னாடியும் அழாம இருக்கோம் சார்!"

எனக்கு டீ இறங்கவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு 'தைரியசாலி' இருப்பார். அப்பாவோ, அண்ணனோ, கணவரோ, கல்யாணமாகிப் போன மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் பேப்பர் படிக்கிற மாமாவோ. இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிடித்த பழைய படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார் என்றால், 'அப்பா அழறாரு டோய்' என்று கத்தாதீர்கள். தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் எழுந்தும் போகாதீர்கள். விளக்கை மட்டும் அணைத்துவிட்டு, கூடவே இருங்கள்.

அடுத்த முறை அந்தப் பழமொழியை யாராவது சொன்னால், 'ராமன் அழுதிருக்கான் பாட்டி' என்று சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது பாட்டி சிரித்தால், அந்தச் சிரிப்பையும் நம்புங்கள்.